பக்கத்துக் கல்லறை

எழுத்துக்காரருக்குச் சத்தியம் செய்வது புதிதல்ல. போர்டு நாளைக்குக் கட்டாயம் வந்துவிடும், பெயிண்ட் பத்து வருஷம் உதிராது என்று கடைக்காரர்களிடம் நாற்பது வருஷமாகச் சத்தியம் செய்து பிழைத்தவர்தான். ஆனால் அன்று காலை ஒன்பது மணிக்குக் கன்னியர் மடத்து வரவேற்பறையில், விரித்து வைத்த நற்செய்திப் புத்தகத்தின் மேல் கையை வைத்து, "கண்டதைக் கண்டபடி சொல்வேன், எதையும் மறைக்க மாட்டேன்" என்று பிஷப் இல்லத்து ஃபாதர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னபோது அவருக்கு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. நகக்கண்ணில் நீல பெயிண்ட் இருந்தது. காலையில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நற்செய்தியில் ஒட்டிவிடுமோ என்று விரல்களை லேசாகத் தூக்கியே வைத்திருந்தார்.

அன்று அவருடைய அக்காவின் கல்லறையைத் திறக்கப் போகிறார்கள்.

அக்கா பத்தொன்பது வயதில் அந்த மடத்துக்குப் போனவள். இருபத்தைந்து வருஷம் அங்கே இருந்து, நாற்பத்து நான்காவது வயதில் விஷக்காய்ச்சலில் இறந்தாள். அதற்குப் பிறகு இன்னொரு இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. உயிரோடு இருந்தபோது மடத்துச் சுவருக்கு வெளியே அவளை யாருக்கும் தெரியாது. இப்போது 'நன்றியம்மா' என்றால் மூன்றாவது ஊரிலிருந்துகூட ஆட்கள் பேருந்து ஏறி வருகிறார்கள். புனிதர் பட்டத்துக்கான விசாரணை தொடங்கிவிட்டது. விசாரணையில் ஒரு கட்டம், கல்லறையைத் திறந்து உள்ளே இருப்பவர் அவர்தான் என்று உறுதி செய்வது. குடும்பத்தில் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்தில் மிச்சம் இருந்தது தம்பி ஒருவர்தான்.

சின்ன வயதிலேயே அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்துகொண்டிருக்கும் வேலையை நடுவில் விட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் காது கேட்காது. "இவளைக் கூட்டச் சொன்னா விளக்குமாறு கூட்டாது, விளக்குமாறும் இவளும் சேர்ந்து நிப்பாங்க" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மடத்தில் முதலில் துணி தேய்க்கும் வேலை கொடுத்தார்கள். இரண்டு அங்கிகள் கருகின. பிறகு சமையலறைக்கு அனுப்பினார்கள். அங்கே அடுப்படி சிஸ்டர் என்று ஒருவர். மடத்துக்கு மூன்று வேளையும் சமைப்பவர், குரல் இரும்பு வாளியைப் போட்டு உருட்டியது போல இருக்கும். அவர்தான் அக்காவுக்குச் 'சிலை' என்று பெயர் வைத்தவர்.

அக்காவின் ஆன்ம குருவாக இருந்த வயதான பாதிரியார், நிற்கும்போது காண்பதை எழுதி வைக்கச் சொன்னார். ஐந்து பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதினாள். அவற்றின் நகலை எழுத்துக்காரர் படித்திருக்கிறார். தீயும் இடியும் இருக்கும் என்று பயந்துகொண்டே பிரித்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு விருந்தாளி வந்து பக்கத்தில் உட்காருகிறார், எதுவும் பேசுவதில்லை, அவர் இருப்பதே போதுமாக இருக்கிறது, அவ்வளவுதான். மூன்று நோட்டுகள் முழுக்க அதே. நான்காவது நோட்டில் விருந்தாளி வருவது நின்றுவிடுகிறது. கடைசி ஆறு வருஷம் அக்காவுக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஒன்றுமே கேட்கவில்லை. 'அவர் எழுந்து போய்விட்டார். நாற்காலி இருக்கிறது. நாற்காலிக்கு நன்றி' என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தாள்.

அந்த வறண்ட வருஷங்களில்தான் அவள் பத்து விரல் நன்றியைத் தொடங்கினாள். ஒரு விரலுக்கு ஒரு நன்றி. அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும், சின்னதாக இருந்தாலும் போதும். பத்தும் முடிகிறவரை எதுவும் கேட்கக் கூடாது. முடிந்த பிறகு கேட்க ஏதாவது மிச்சம் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். அவள் இறந்த பிறகு ஆன்ம குரு அதை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார். அட்டை கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் போயிற்று. கல்லறைக்கு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கி நிற்பதை எந்த நாளும் பார்க்கலாம்.

எழுத்துக்காரரின் மனைவிக்கு முதலில் இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு கிடையாது. "நாத்தனார்னு ஒருத்தி இருந்தா ஒரு சண்டையாவது போடலாம். உங்க அக்கா அதுக்கும் வழியில்லாம மடத்துல போய் உக்காந்துக்கிட்டாங்க" என்பாள். அவர்களுடைய மகளுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் டாக்டர்கள் இவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார்கள். மனைவி எழுந்து நேராகக் கல்லறைக்குப் போனாள். நன்றி சொல்ல அன்றைக்கு என்ன இருந்தது? மழை பெய்யவில்லை, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, பக்கத்துக் கட்டில்காரி ஒரு ஆரஞ்சு கொடுத்தாள், இப்படிப் பொறுக்கிப் பொறுக்கிப் பத்து சேர்த்தாளாம். பிறகு கேட்பதற்குக் குரல் வராமல் திரும்பி வந்தாள். வந்து சேர்ந்தபோது குழந்தை கண் விழித்து, தன் செருப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து வாரா வாரம் வெள்ளிக்கிழமை அவள் கல்லறைக்குப் போனாள். பெருக்குவாள், தண்ணீர் தெளிப்பாள், கல்லைத் துடைப்பாள், பத்து விரலையும் மடக்குவாள். "அதுல நான் எந்த விரல்?" என்று எழுத்துக்காரர் கேட்டால், "சுண்டுவிரல். அதுவும் சில வாரம் விட்டுப்போயிடும்" என்பாள். ஆறு மாதத்துக்கு முன் இதயம் பெருத்துப்போய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவள், கடைசியாகத் தெளிவோடு பேசியது இதுதான்: "இந்த வெள்ளிக்கிழமை உங்க அக்காகிட்ட யார் போவா?" நான் போகிறேன் என்றார். போய்க்கொண்டும் இருக்கிறார். பெருக்கத்தான் அவ்வளவாக வரவில்லை.

கல்லறையைத் திறக்கும்போது சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். தோண்டி எடுத்ததை மடத்துத் தையலறைக்குக் கொண்டுபோய், நீள மேசையில் வெள்ளை விரிப்பின் மேல் டாக்டர் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். அறையில் நான்கு பேர்தான்: டாக்டர், ஃபாதர், மடத்துத் தலைவியான மதர், எழுத்துக்காரர். சுவர் ஓரமாகத் தையல் மிஷின்கள் உறை போட்டு நின்றன. பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்குப் பயம் வரவில்லை. எலும்புகள் பழைய மரம் போலப் பழுப்பாக, அடக்கமாக இருந்தன. வாயில் ஒரு செபம் முணுமுணுத்துக்கொண்டே மேசையை ஒட்டி நடந்தார்.

"பெண். நாப்பதுக்கும் அம்பத்தஞ்சுக்கும் நடுவுல வயசு. உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம் பக்கம்" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "பதிவேட்டோட ஒத்துப்போகுது."

"அப்போ குடும்பத்து சார்பா நீங்க பாத்துட்டீங்கன்னா சரி" என்று ஃபாதர் பேனாவைத் திறந்தார். நேர்த்தியான இளைஞர். தாள்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று பிசகாமல் அடுக்கியிருந்தார்.

எழுத்துக்காரர் இடது கைப்பக்கம் நின்றுவிட்டார்.

முன்கையின் இரண்டு எலும்புகளும் ரூல்தடி வைத்துக் கோடு போட்டது போல நேராக இருந்தன. நேர்க்கோட்டைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெறும் கண்ணால் பத்தடிக் கோடு இழுத்து நூல் பிடித்துப் பார்த்தாலும் பிசகாதவர்.

அக்காவுக்குப் பன்னிரண்டு, அவருக்கு ஒன்பது. மதில் மேல் விழுந்த பந்தை எடுக்க ஏறியவருக்கு இறங்கத் தெரியவில்லை. மேலே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அக்கா ஏறி அவரைப் பத்திரமாக இறக்கிவிட்டுத் தான் விழுந்தாள். இடது முன்கை ஒடிந்தது. எலும்பு கட்டுகிறவர் கட்டிய கட்டு சரியில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு வளைவோடு கூடிப்போயிற்று. வளர்ந்த பிறகும் அந்த வளைவு அப்படியே இருந்தது. அவர் போர்டு எழுதப் பழகத் தொடங்கிய நாட்களில் அக்கா சட்டைக்கையை மடித்துக் காட்டிச் சிரிப்பாள்: "நீ போட்ட முதல் கோணல் கோடு இதுதான்டா." மடத்து அங்கியின் கை மணிக்கட்டு வரை மூடிவிட்டது. அங்கே அதைப் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

"டாக்டர், ஒடிஞ்சு கோணலாக் கூடின எலும்பு பின்னால நேராயிடுமா?"

"சின்னக் குழந்தைக்குக் கொஞ்சம் நேராகும். பெரியவங்களான பிறகும் கோணல் இருந்துச்சுன்னா, கடைசி வரைக்கும் இருக்கும். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

அப்போதுதான் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவருக்குப் புரிந்தது. அந்தக் காய்ச்சலில் மடத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். முதலில் அக்கா, நான்கு நாள் கழித்து அடுப்படி சிஸ்டர். தொற்றுக்காய்ச்சல் என்று வீட்டார் யாரையும் அடக்கத்துக்கு உள்ளே விடவில்லை. அம்மாவும் அவரும் வெளிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். இரண்டு குழிகளும் பக்கத்துப் பக்கத்தில். மரச்சிலுவைகளில் எழுதிய பெயர்கள் ஒரே மழைக்காலத்தில் அழிந்துவிட, ஒரு வருஷம் கழித்து இரும்புத் தகட்டில் பெயர் எழுதிக் கொண்டுவந்து பதித்தவர் அவரேதான். அன்றைக்குக் கோயில் பொறுப்பில் இருந்த இளம் சிஸ்டர், இப்போது மதராக இதோ நிற்பவர், சன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "இடது பக்கம் உங்க அக்கா, வலது பக்கம் அடுப்படி சிஸ்டர்" என்று கத்திச் சொன்னார். கோயில் பக்கத்து சன்னல். அங்கிருந்து பார்த்தால் கல்லறைகளின் கால்மாடு தெரியும். இவரோ சிமெண்ட் வாளியோடு பின்சந்துக் கதவு வழியாக வந்து தலைமாட்டில், அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். தன் இடது கைப்பக்கம் அக்காவின் தகட்டைப் பதித்தார். தூக்குக்குண்டு பிடித்து, ஒரு மயிரிழை சாயாமல், தப்பான இடத்தில் பதித்தார்.

அதற்குப் பிறகு யார் சந்தேகப்படப் போகிறார்கள்? எழுதி வைத்துவிட்டால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அந்த மரியாதையில்தானே நாற்பது வருஷம் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"கையெழுத்து?" என்றார் ஃபாதர்.

"ஒரு பத்து நிமிஷம் வெளிய போயிட்டு வரட்டுமா ஃபாதர்? ஒரு மாதிரியா இருக்கு."

"பரவாயில்ல, போயிட்டு வாங்க. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்."

தாழ்வாரத்தில் மகள் காத்திருந்தாள். தபால் நிலையத்தில் வேலை. பாதி நாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள்.

"என்னப்பா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? உக்காருங்க. தண்ணி குடிங்க."

"உள்ள இருக்கிறது உங்க அத்தை இல்லம்மா."

"பின்ன?"

"அடுப்படி சிஸ்டர். பக்கத்துக் கல்லறைக்காரங்க. தகட்டை மாத்திப் பதிச்சுட்டேன். நான்தான்." கையின் வளைவு, சன்னல், தலைமாடு, கால்மாடு என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார்.

மகள் கடைசி வரை கேட்டாள். பிறகு புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்.

"சிரிக்கிறியா?"

"இல்லப்பா, அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். 'ஊருக்கெல்லாம் போர்டு மாட்டுற மனுஷனுக்குச் சொந்த அக்கா போர்டை ஒழுங்கா மாட்டத் தெரியல'ன்னு ஒரு மாசம் விடமாட்டாங்க."

அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "உங்க அம்மா இருபது வருஷம் அங்கதானேடி பெருக்கினா. உனக்காகப் போய் விழுந்ததும் அங்கதான். அத்தனை நன்றியும் எங்க போச்சு? அவ நிம்மதியாப் போனா. இப்போ நான் உள்ள போய் வாயைத் திறந்தா அது அத்தனையும் ஒண்ணுமில்லாமப் போயிடாது? ஒரு கையெழுத்துதான். போட்டுட்டா யாருக்கும் தெரியாது."

"போடுங்க. போட்டுட்டு வர்ற வெள்ளிக்கிழமை எங்க போய் நிப்பீங்க?"

அவர் நகக்கண்ணிலிருந்த நீல பெயிண்டைச் சுரண்டினார்.

"அப்பா, எங்க ஆபீஸ்ல தினமும் நடக்குறதுதான் இது. விலாசத்துல கதவு எண் தப்பா இருக்கும். லெட்டர் பக்கத்து வீட்டுக்குப் போயிடும். பக்கத்து வீட்டுக்காரங்க என்ன செய்வாங்க? கிழிச்சா போடுவாங்க? 'உங்களுக்கு வந்திருக்கு, இந்தாங்க'ன்னு கொண்டுபோய்க் கொடுப்பாங்க. பேரு சரியா இருந்தா லெட்டர் போய்ச் சேர்ந்துடும். அம்மா பேரைச் சரியாத்தானே சொன்னாங்க?"

"சரியாத்தான் சொன்னா."

"அப்போ இருபது வருஷம் ஒருத்தங்க வாரா வாரம் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்திருக்காங்க. அவங்களுக்கு இதுவரைக்கும் நாம ஒரு வார்த்தை சொல்லல. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா இனிமேலும் சொல்ல முடியாது."

எழுத்துக்காரர் தம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார்.

"ஃபாதர், இது எங்க அக்கா இல்ல" என்றார்.

மதர் செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் முதலில் வாயைத் திறந்தவரும் அவர்தான். "நான் இடதுன்னு சரியாத்தானே சொன்னேன்?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க மதர். நானும் சரியாத்தான் கேட்டேன்."

"சன்னல்ல நின்னு கத்தினதுக்கு, இறங்கி வந்து கையைக் காட்டியிருக்கலாம். அன்னிக்குத் துணி ஊறப்போட்டிருந்தேன்" என்றார் மதர், இருபத்து நான்கு வருஷத்துக்கு முந்தைய துணியை இன்னும் பிழிகிறவர் போல.

ஃபாதர் பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று எழுத்துக்காரர் எதிர்பார்த்தார். அவரோ, "நல்லவேளை சொன்னீங்க" என்றார் மெதுவாக. "கோயில் பீடத்துல வேற ஒருத்தர் எலும்பை வெச்சு வணங்கியிருப்போம். பக்கத்துக் கல்லறையையும் திறக்கணும். இன்னிக்கே."

பக்கத்துக் கல்லறைக்குப் போய்ப் பார்த்தபோது அதன் மேல் செருப்புகள் கிடந்தன. நன்றியம்மாவிடம் வருகிறவர்கள் மண்ணில் விடாமல் வசதியாக அந்தக் கல்லின் மேல்தான் கழற்றி விட்டுவிட்டுப் போவது வழக்கம். காலையில் துணி கட்டி மறைத்தபோது அவசரமாக வெளியேறியவர்கள் விட்டுப்போன செருப்புகள், ஏழெட்டு ஜோடி. மதர் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார். காது வரை சிவந்துவிட்டார். "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர், மன்னிச்சுக்கோங்க" என்று கல்லைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுத்துக்காரரும் இருபது வருஷமாக அங்கேதான் செருப்பை விட்டு வந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மதியத்துக்குப் பிறகு மேசை மேல் இரண்டாவது விரிப்பு. டாக்டர் இடது முன்கையைக் கடைசியாக வைத்தார். கீழ்ப்பாதியில் அந்த வளைவு, ஒடிந்து கூடிய இடத்தில் ஒரு முடிச்சு. மதிலிலிருந்து கீழே பார்த்த ஒன்பது வயதுக்காரனைப் போல எழுத்துக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அவரே சொன்னார்: "இதுதான். என்னை இறக்கிவிட்ட கை." காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் போன பிறகு மதர் எல்லோருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். மகளும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஃபாதர் தாள்களைப் பையில் வைக்கத் தொடங்கினார். "இந்தப் பொண்ணு பிழைச்சதைப் பத்தி உங்க மனைவி முன்னாடி விசாரணையில சொன்ன சாட்சியத்தை நான் திருத்த வேண்டியதில்லை. யார் பேரைச் சொல்லி மன்றாடினாங்க என்கிறதுதான் முக்கியம். இடம் மாறினது வேற விஷயம்."

"மகளும் அதையேதான் சொன்னா, தபால்காரங்க பாஷையில" என்றார் எழுத்துக்காரர். டீயை ஆற்றிக்கொண்டே, "மதர், அந்த அடுப்படி சிஸ்டருக்கு எப்படிக் காய்ச்சல் வந்தது?" என்று கேட்டார். இருபத்தைந்து வருஷத்தில் அதைக் கேட்க அவருக்கு இதுவரை தோன்றியதில்லை.

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அக்கா அறைக்குள்ள யாரும் போகக் கூடாதுன்னு உத்தரவு. தட்டை வாசல்ல வெச்சுட்டு வந்துடணும். அடுப்படி சிஸ்டர் மட்டும் கேக்கல. 'சிலை தானா எழுந்து சாப்பிடுமா?'ன்னு சொல்லிட்டு உள்ள போனாங்க. ஊட்டினாங்க. துணியெல்லாம் அவங்கதான் துவைச்சாங்க. அதுக்கு முன்னாடியும் அப்படித்தான். உங்க அக்கா உருளைக்கிழங்கு உரிக்கும்போது கத்தியோட அப்படியே நின்னுடுவாங்க. இவங்க சத்தமில்லாம கத்தியைக் கையிலேர்ந்து வாங்கி அவங்க பங்கையும் உரிச்சுடுவாங்க. அப்புறம் திட்டுவாங்க. 'ஆண்டவர் வர்றதுன்னா ஒரு கத்தி எடுத்துக்கிட்டு வரட்டும், இங்க ரெண்டு மூட்டை கிடக்கு'ன்னு. ஆனா பெரிய மதர்கிட்ட ஒரு நாள் கூடப் புகார் போனதில்ல."

எழுத்துக்காரருக்கு நான்காவது நோட்டில் ஒரு வரி நினைவு வந்தது. 'நான் விருந்தாளியோடு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் வேலையை யார் செய்தது என்று இன்று கிழங்குத் தொட்டியைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.' அதைப் பலமுறை படித்திருக்கிறார். ஏதோ ஞான அர்த்தம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்.

"ஃபாதர், இன்னொரு தாள் எடுங்க."

"எதுக்கு?"

"அவங்களைப் பத்தியும் ஒரு சாட்சி எழுதிக்கோங்க."

"அவங்க பேர்ல விசாரணை ஒண்ணும் இல்லையே. யாரும் கேக்கல."

"கேக்கலன்னா என்ன? வாங்கிக்கிட்டது நாங்க. சொல்றதை எழுதி உங்க கட்டுல கடைசியா வெச்சிடுங்க."

ஃபாதர் மதரைப் பார்த்தார். மதர் தன் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எழுதுங்க ஃபாதர். நானும் சொல்லணும்."

"எனக்கும் ஒரு வரி வேணும்" என்றாள் மகள்.

ஃபாதர் பெருமூச்சு விட்டு, பையிலிருந்து புதுத்தாள் ஒன்றை எடுத்து விளிம்பைச் சரி செய்துகொண்டார். "இறந்தவங்க பேரு?"

எழுத்துக்காரர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். தன் கையால் தகட்டில் எழுதிய பெயர்தான். சொந்த ஊர் தெரியுமா என்றால் தெரியாது. பெற்றோர் பெயர் தெரியாது. பிறந்த வருஷம் மதருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. தாளில் மேல்பாதி முழுக்கக் கோடுகளாகவே போயிற்று.

"உங்களுக்கு அவங்க என்ன உறவு?"

அவர் யோசித்தார். அக்காவைப் பார்க்க வீட்டாரையும் மடத்தில் உள்ளே விடாத அந்தக் கடைசி ஆறு வருஷங்களில், மடத்துக்குப் போர்டு எழுத வரும் நாட்களில் அவர் சமையலறைப் பின்கதவுக்குப் போவார். அடுப்படி சிஸ்டர் கதவைப் பாதி திறந்து, பெயிண்ட் கறையோடு நிற்பவரை மேலும் கீழும் பார்ப்பார். "கையைக் கழுவு முதல்ல" என்று அதட்டுவார். சூடாக ஒரு ரொட்டித் துண்டைக் கையில் திணிப்பார். அக்கா என்ன கண்டாள் என்ன கேட்டாள் என்பதெல்லாம் ஆன்ம குருவுக்குப் போயிற்று. அம்மாவுக்குப் போன சேதி எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான்: "இன்னிக்கு ரெண்டு துண்டு சாப்பிட்டா. இருமல் குறைஞ்சிருக்கு. போய் உங்க அம்மாகிட்ட சொல்லு, நல்லா இருக்கான்னு." அம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் அன்றைக்குச் சோற்றில் கை வைப்பாள். ஆறு வருஷம். அவர் அந்த ரொட்டியைத் தின்றுகொண்டே சைக்கிளில் ஏறி வந்துவிடுவார். ஒரு நாள்கூட நின்று ஒரு நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

"உறவு ஒண்ணும் இல்லன்னு போட்டுடவா?" என்றார் ஃபாதர்.

"வேண்டாம். அவங்க கையால சாப்பிட்டவன்னு போடுங்க."

ஃபாதர் சொன்னபடியே எழுதிக்கொண்டார். "எந்த வருஷத்துலேர்ந்து?" என்று நிமிர்ந்தார். எழுத்துக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பின்கதவிலிருந்து சொல்லத் தொடங்கினார்.